சாவு விழாத வீட்டு வாசலில் ஒரு கூடாரம்

கவிதா, தினேஷ்,

"உங்க வீட்டுல யாரு செத்தது?" என்று பள்ளியில் இன்னமும் கேட்கிறார்கள் என்று சொன்னீர்கள். யாரும் சாகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செந்தூலில் மாமா வீட்டில் இருந்ததால் நடந்ததைப் பார்க்கவில்லை. அம்மன் எனக்குச் செய்ததைக் கோயில் மலருக்கு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். ஊருக்குச் சொல்வதை முதலில் உங்களுக்குச் சொல்கிறேன். அப்பா ஆறாம் ஆண்டோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் உங்களுக்கும் மறந்திருக்காது. கிள்ளானில் மழைக்காற்று புதிதா என்ன? ஆனால் இது புகை மாதிரி சுருண்டுகொண்டு திடலைத் தாண்டி நேராக நம் வீட்டுக்கு வந்தது. லோரி ஒன்று சுவரை இடித்துக்கொண்டு உள்ளே நுழைகிற மாதிரி சத்தம். உங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நானும் அம்மாவும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டோம். சத்தம் நின்றதும் நிமிர்ந்து பார்த்தேன். கூடத்தில் நின்றபடியே வானம் தெரிந்தது.

கூரைத் தகரம் அத்தனையும் திடலில் கிடந்தது. நம் வீடு, பக்கத்துக் காலி வீடு, ஒரு ரம்புத்தான் மரம், இவை மட்டும்தான் அடிபட்டன. எதிர்வீட்டுக் கொடியில் துணி அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே நம்மைத் தேடி வந்து அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

இந்த நிலம் நம்முடையதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நிலக்காரர்கள் எத்தனையோ வருடமாகப் போகச் சொல்கிறார்கள். ஆள் இருக்கிற வீட்டைத் தொடமாட்டார்கள். ஆள் வெளியே போனால் கதவில் பலகை அடிப்பார்கள், அப்புறம் இடிப்பார்கள். இந்தக் கம்பத்தில், இந்தச் சின்னக் குடியிருப்பில் இருந்த ஜனங்கள் இப்படித்தான் ஒவ்வொரு குடும்பமாக அடுக்குமாடிகளுக்குச் சிதறிப் போனார்கள். மிச்சம் நாலைந்து வீடு. அதில் நம்முடையது ஒன்று.

காற்று அடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. நிலக்காரருடைய சூப்பர்வைசர் வந்துவிட்டார்.

"அண்ணே, ஆபத்து லா. இன்னைக்கே வெளிய போயிடுங்க. நாளைக்குச் சாயங்காலம் ஆளுங்களோட வந்து பலகை அடிச்சிடுறோம்."

"நாங்க உள்ள இருந்தா?"

"கூரையே இல்லாத இடத்துல யாருண்ணே இருப்பா?"

"நான் இருப்பேன் தம்பி."

அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் காலூன்றி நிற்க வைத்தது.

பிறகு மாமா கார் எடுத்துக்கொண்டு வந்தார். "மச்சான், பிடிவாதத்துக்கு ஒரு அளவு இருக்கு. அக்காவையும் நனைய வைக்கப் போறீங்களா?" என்றார். உங்களை ஏற்றினோம். அம்மா மட்டும் ஏறவில்லை. "நான் வந்துட்டா இந்த மனுசன் காய்ச்சல்ல விழுவாரு. அப்பவும் நான்தானே வரணும்? நீ போடா" என்று தம்பியை அனுப்பிவிட்டாள். அதற்கப்புறம் என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே என்னோடு இருந்தாள்.

சாமி மேடையில் மாரியம்மன் படம் மட்டும் ஆணியில் அசையாமல் இருந்தது. நனையக் கூடாதென்று அம்மா அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உங்களோடு அனுப்பப் பார்த்தாளே, நான் பிடுங்கி மறுபடி மாட்டினேனே, அது எதற்கென்று கேட்டீர்கள். இதற்குத்தான். நாங்கள் நனைகிற இடத்தில் அவளும் நனையட்டும் என்று நினைத்தேன்.

மழை பிடித்தது. நான் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். கும்பிடக் கை வரவில்லை. நின்றபடியே சொன்னேன்.

"மழை உன்னுது, காத்தும் உன்னுதுன்னு சொல்றாங்க. சரி, அடிச்சிட்ட. நான் உன்கிட்ட கூரை கேக்கல. தகரம் திடல்ல கிடக்கு, எனக்குக் கை இருக்கு. ஆள் அனுப்பு. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஆள் அனுப்பு. அனுப்பாட்டியும் நான் போகமாட்டேன். உன்னையும் போக விடமாட்டேன்."

இப்படியா சாமியிடம் பேசுவது என்று மலரைப் படிக்கிறவர்கள் கேட்கலாம். எனக்கு அன்று வந்த வேண்டுதல் அதுதான். வேறு மாதிரி மாற்றி எழுதமாட்டேன். விடியும்வரை நானும் அம்மாவும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தோம். மழை விடவில்லை.

காலையில் மழை தூறலாகக் குறைந்ததும் கணேசன் அண்ணன் வந்தார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூடாரம் வாடகைக்கு விடுகிறாரே, அவர்தான். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமான்லாம் ஊறிப்போவுது. வாசல்ல ஒரு கூடாரம் போட்டுத் தரேன். அதுக்கடியில எடுத்து வைங்க" என்றார்.

அம்மா குறுக்கே வந்தாள். "கல்யாணமும் இல்ல, சாவும் இல்ல. வாசல்ல கூடாரம் போட்டா நல்லாவா இருக்கும்? அபசகுனம்ணே."

"இருக்கிற சகுனத்துக்கு இது என்ன செஞ்சிடப் போவுது? போடுங்கண்ணே" என்றேன்.

வெள்ளைக் கூடாரம் நின்றது. அவருடைய ஆட்கள் பழக்கதோஷத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டுவிட்டுப் போனார்கள். நான் அலமாரியை இழுத்துக்கொண்டிருந்தேன். அம்மா ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சாலையில் போனவர் யாரோ அதைப் படம் எடுத்து, பழைய கம்பத்துக்காரர்களின் வாட்ஸாப்பில் போட்டுவிட்டார். கம்பத்தில் யாரோ தவறிவிட்டார்கள், பாவம், அந்த அக்கா அழுகிறது என்று எழுதி.

கல்யாண வீட்டுக்குப் பத்திரிகை வைத்தால்தான் நம் ஆட்கள் வருவார்கள். சாவு வீட்டுக்கு யாரும் அழைக்க வேண்டாம்.

முதலில் வந்தது, செமினிக்குக் குடி போன லெட்சுமி அக்கா. வெள்ளைச் சேலை. இறங்கும்போதே அம்மாவைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அழுகை பாதியில் நின்றது.

"நீ உயிரோடதான் இருக்கியா?"

"இருக்கேன்கா."

"அப்ப யாருதான் போனது?"

"கூரை போயிடுச்சு."

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "இதுக்கு நான் வெள்ளைச் சேலை கட்டி, குளிக்காம வேற வந்தேன்" என்றார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காற்று அடித்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

அதன் பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். செராஸிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று மீஹூன் சேமியாவும் காப்பியும் கொண்டுவந்தார்கள். பின் வரிசை மலாய்க்காரர் பாக் மாட்கூட ஒரு பை அரிசியோடு தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். ஒருவர் ரோஜா மாலை வாங்கி வந்துவிட்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். சாவுக்கு வாங்கியதைச் சாமிக்குப் போடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். "கூரைக்கே போடு லா. அதுதானே போனது" என்று யாரோ சொல்ல, திடலில் வளைந்து கிடந்த ஒரு தகரத்துக்கு மாலை போட்டார்கள். எல்லாரும் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும் யாரும் திரும்பிப் போகவில்லை, பிள்ளைகளே. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். லெட்சுமி அக்கா மகன் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் திடலுக்கு நடந்தான். மற்றவர்கள் பின்னால் போனார்கள். தகரத்தைத் தலையில் தூக்கி வந்தார்கள். பாக் மாட் வீட்டுக்குப் போய்ச் சுத்தியலும் ஏணியும் கொண்டுவந்தார். முறிந்த சட்டங்களுக்குப் பதிலாகக் காலி வீட்டுச் சட்டங்களைக் கழற்றினோம். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அத்தனை பேர் நம் கூரைமேல் நின்றார்கள்.

சாயங்காலம் சூப்பர்வைசர் பலகையோடும் இரண்டு ஆட்களோடும் வந்தார். கூடாரத்தைப் பார்த்ததும் மோட்டார் சைக்கிள் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"மன்னிச்சிடுங்கண்ணே. தெரியாது. யாரு தவறிட்டாங்க?"

"யாரும் தவறல. மேல பாருங்க."

மேலே பார்த்தார். கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கூரை இல்லாத வீட்டுக்குத்தானே பலகை அடிக்க வந்தீங்க? இதுல எங்க அடிப்பீங்க?"

லெட்சுமி அக்கா அவர் கையில் ஒரு காப்பியைத் திணித்தார். "குடிச்சிட்டுப் போ தம்பி. பலகையை இங்கயே வச்சிடு. சமையக்கட்டுச் சுவத்துல ஒரு ஓட்டை இருக்கு." பலகை இன்றும் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

தப்பாக நினைத்துக்கொண்டுதானே வந்தார்கள், இதில் அம்மன் எங்கே என்று மாமா கேட்டார். இருக்கட்டும். நான் ஆள் அனுப்பு என்றேன். எப்படி அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவள் அவளுக்குத் தெரிந்த வழியில் அனுப்பினாள். முன்பெல்லாம் கோயிலில் ஓரமாக நின்று முணுமுணுத்துவிட்டு வருவேன். இப்போது நேராக நின்று கேட்கிறேன். யார் வீட்டிலாவது கூடாரம் நின்றால், அழைப்புக்குக் காத்திராமல் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு போகிறேன். நிலக்காரர்கள் மறுபடி வருவார்கள். வரட்டும். இதைப் படிக்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். பயந்துகொண்டு கேட்காதீர்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு கேளுங்கள், அவள் தாங்குவாள். ஆனால் உங்கள் இடத்தை விட்டு ஓடிவிட்டுக் கேட்காதீர்கள்.

மறுநாள் நீங்கள் மாமா வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போனீர்கள். அம்மா வேலைக்குப் போய்விட்டாள். நான் தனியாக அம்மன் படத்தை இறக்கினேன். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து பாதத்துப் பக்கம் ஊறியிருந்தது. பின்பலகையைக் கழற்றி, படத்தை என் துண்டில் ஒற்றி, வாசல் வெயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தேன். காயும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதே ஆணியில் மாட்டிவிட்டு, கை கூப்பினேன்.