சதுக்கத்து மூன்றாம் மாடி யன்னல்

ஆட்களை விமானமேற்றி அனுப்புகிற தொழிலில் பாதி வேலை, அவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதையைக் கேட்பது. கடையிலோ கந்தோரிலோ ஒரு மேசைக்குப் பின்னால் நின்று பிழைத்தவர்கள் எல்லாருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். எழும்பிப் போகவும் முடியாது, காதைப் பொத்திக்கொள்ளவும் முடியாது. சிரித்த முகத்தோடு நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில், எங்கள் நிறத்தவர்களுக்கும் அவுஸ்திரேலியா கதவைத் திறந்த புதிதில், நான் மெல்பேர்ணுக்கு வந்து சேர்ந்தேன். கொழும்பில் ஒரு கப்பல் கந்தோரில் எழுத்து வேலை பார்த்தவன் என்பதால் டண்டினொங் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பயணக் கந்தோரில் இடம் கிடைத்தது. முதலாளி மாரெக், போலந்துக்காரர். வாடிக்கையாளர்களும் அநேகமாக அந்த நாட்டுச் சனம்தான். உலகப்போர் முடிந்த கையோடு கப்பலேறி வந்து, சுற்றியிருந்த தொழிற்சாலைகளில் வேலைசெய்து, இப்போது பிறந்த ஊரை ஒருதரமாவது பார்த்துவிட வேண்டும் என்று வந்து நின்றவர்கள்.

எல்லாரும் போகக் கேட்டது ஒரே இடத்துக்கு. வார்சோ நகரத்தின் நடுவிலிருக்கும் பழைய சந்தைச் சதுக்கம். நான்கு பக்கமும் தோளோடு தோள் உரசி நிற்கும் உயரமான வீடுகள், நடுவில் கல் பாவிய வெளி. போரில் ஜெர்மன்காரர் அதைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார்கள். பிறகு ஊரவர்கள் பழைய ஓவியங்களையும் புகைப்படங்களையும் பார்த்துப் பார்த்து, அச்சொட்டாக அதே வீடுகளை அதே இடத்தில் திரும்பக் கட்டிவிட்டார்கள். வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. எரிந்ததைக் கண்ணால் கண்ட சனம், அது எரியாமல் நிற்பதைப் பார்க்கப் போனது.

இனி வருகிற வெள்ளையர்கள் எல்லாம் இங்கிலீஷில், அநேகம்பேர் அரைகுறையாக, பேசியவர்கள். அதை அப்படியே எழுத எனக்கு வராது. எங்களூர்த் தமிழில் பேசவிட்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலில் தடக்கிய கல்

பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலைசெய்த ஸோஃபியா அன்ரி எங்கள் முதல் வாடிக்கையாளர்களில் ஒருவர். வாய்க்காரி. டிக்கெட் வாங்க வந்த அன்றே என்னுடைய மெலிவைப் பற்றியும் மாரெக்கின் மொட்டையைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லிவிட்டுப் போனவர். ஊர் பார்த்துத் திரும்பி வந்தபோது ஒரு முழங்காலில் கட்டுப் போட்டிருந்தது, வாயில் பேச்சைக் காணவில்லை. தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயதில் பாண் வாங்க ஓடும்போதெல்லாம் சதுக்கத்து மூலையில் கொஞ்சம் மேலெழுந்து நின்ற ஒரு கல்லில் கால் தடக்கி விழுவாராம். தாயிடம் அதற்காக அடியும் வாங்கியிருக்கிறார். இந்தமுறை போன உடனே அந்த மூலையைத் தாண்டும்போது, அந்தக் கல்லைப் பற்றிய நினைப்பே இல்லாமல், அதே இடத்தில் தடக்கி விழுந்திருக்கிறார். எழும்பிப் பார்த்தால் கல் மேலெழுந்து நிற்கிறதாம். "தற்செயலாக இருக்கும் அன்ரி" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"உடைஞ்ச சதுக்கத்துக்குப் பதிச்சது எல்லாம் வேற கல்லு, தம்பி. வீட்டுச் சுவரைப் படம் பார்த்துக் கட்டலாம். என்ர கால் தடக்கிற இடத்தைக் கட்டினவன் எந்தப் படத்தில பார்த்தவன்?"

பில்லின் படம்

பில் போலந்துக்காரர் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த, ட்ராம் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். பேய் பிசாசு, கோயில் குளம் ஒன்றிலும் நம்பிக்கை இல்லாதவர். ஐரோப்பா சுற்றிவிட்டு வந்து, எடுத்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டுகிறேன் என்று ஒரு சனிக்கிழமை கந்தோருக்கே இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உங்களுக்கும் இப்படி யாராவது காட்டியிருப்பார்கள். தப்ப வழியில்லை.

வார்சோச் சதுக்கம் வந்தது. "இந்த மூலை வீட்டு மூன்றாம் மாடியில் ஒரு கிழவி நின்று எனக்குக் கையாட்டினாள், நல்ல சனம்" என்று பில் விரலால் காட்டினார். திரையில் அந்த யன்னல் மட்டும் இறுகப் பூட்டியிருந்தது. அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த மாரெக் கதிரையை முன்னால் இழுத்துப்போட்டார். எந்த வீடு, எந்த யன்னல், கையை எப்படி ஆட்டினாள் என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். "விருந்து முடிந்து போகிறவர்களுக்கு வாசலில் நின்று ஆட்டுவோமே, அப்படி" என்றார் பில். அப்போ படத்தில் ஏன் ஒருவரும் இல்லை என்று நான் கேட்டேன். பில் தலையைச் சொறிந்தார்.

"அதுதான் மேட், எனக்கும் விளங்கேல்லை. கமராவைத் தூக்கினா யன்னல் பூட்டியிருக்கு. இறக்கினா திறந்திருக்கு, அவ நிக்கிறா."

முதலாளி போகாத ஊர்

ஊருலகத்தையெல்லாம் வார்சோவுக்கு அனுப்பிய மாரெக், தான் மட்டும் போனதில்லை. காரணம் கேட்டால், அவுஸ்திரேலியப் பாஸ்போர்ட்டோடு போனாலும் பிறந்த நாட்டுக்காரன் தன் ஆள் என்று பிடித்து வைத்துக்கொள்வான் என்பார். அது சாட்டு. பில் போன பிறகு, இயந்திரத்தின் சூடு ஆறுவதற்கு முன்னமே, உண்மைக் காரணத்தைச் சொன்னார்.

அந்த மூலை வீட்டு மூன்றாம் மாடி அவருடைய வீடு. நகரம் எரிந்துகொண்டிருந்தபோது மாரெக் மீசை முளைக்காத பொடியன். நெருப்பு பின்வீட்டுக்கு வந்துவிட்டது. நடக்க முடியாத தாயை மேலே விட்டுவிட்டு, உதவிக்கு ஆள் கூட்டிவருகிறேன் என்று சிநேகிதன் ஒருவனோடு சதுக்கத்துக்குக் குறுக்கே ஓடியிருக்கிறார். பாதி வழியில் சிநேகிதன் திரும்பிப் பார்த்து, "உன் அம்மா யன்னலுக்கு வந்து கையை ஆட்டுகிறா" என்றானாம். எப்படி வந்தாவோ தெரியாது. மாரெக் நிற்கவில்லை. ஆள் கூட்டிக்கொண்டு வந்தபோது வீடு இல்லை. சிநேகிதனும் அந்தக் கிழமையே குண்டுபட்டுப் போய்விட்டான், கேட்டு அறியவும் ஆளில்லை.

இவ்வளவு காலமும் அவரை அரித்தது அந்தக் கைதான். போ என்று ஆட்டினாவா, என்னைத் தனியே விட்டுப் போகாதே, வா என்று கூப்பிட்டாவா? இது தெரியாமல் அவர் ஒருநாளும் நிம்மதியாகப் படுத்ததில்லை. நான் திரையைச் சுருட்டினேன்.

"நீர் ஒருக்கா போய்ப் பார்த்து வாரும் சிவம். உமக்கு அங்க சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி வந்து சொல்லும்."

உச்சிப்பொழுது

அடுத்த கூட்டத்தோடு வழித்துணையாகப் போனேன். கூட்டத்தில் ஸோஃபியா அன்ரியும் இருந்தார். கல்லை இன்னொருமுறை பார்க்கவேண்டுமாம். சதுக்கத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது நல்ல வெயில், சரியான மத்தியானம். படம் கீறி விற்கிறவர்கள், குதிரை வண்டி, புறாக்கள். அழகான இடம்தான். ஆனால் அந்த வீடுகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று உறுத்தியது. நூற்றாண்டுக் கணக்கான வயது சொல்லும் வீடுகள், ஆனால் என்னைவிட இளையவை. செத்த மனிதர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது.

மூலை வீட்டை அண்ணாந்து பார்த்தேன். மூன்றாம் மாடி யன்னல் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. இருட்டுக்கு வெளியே ஒரு கை மட்டும். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் நாலும் தன்பக்கம் மடிந்து மடிந்து அசைந்தன. எங்களூரில் அதற்கு ஒரு பொருள்தான்: இங்கே வா. கூப்பிட்டால் போகிற வழக்கத்தில் வளர்ந்தவன் நான். கால் தானாக நடந்தது. "ஆருக்குத் தம்பி அந்த மனிசி பை-பை காட்டுறா?" என்று பின்னால் ஸோஃபியா அன்ரி யன்னலைப் பார்த்துக் கேட்டார். அவரும் கண்டிருக்கிறார்.

கதவு திறந்திருந்தது. படியேறினேன். இரண்டாம் மாடியோடு படி முடிந்துவிட்டது. முகப்பை மட்டும் பழையபடி கட்டிவிட்டு உள்ளே அறைகளை உயரமாக்கி, மாடியைக் குறைத்திருக்கிறார்கள். நான் தேடிய யன்னல் தலைக்கு மேலே, கூரைக்குக் கிட்ட, வெறும் சுவரில் இருந்தது. கீழே தரையில்லை, ஏணியில்லை, ஒரு குருவி இருக்க இடமில்லை. சத்தம் கேட்டு வந்த காவற்காரப் பெண் போலந்து மொழியில் ஏதோ சொன்னாள். மூச்சிரைக்க ஏறிவந்த ஸோஃபியா அன்ரி அதைச் சொல்லித் தந்தார்.

"அந்த யன்னல் வெளியில நிண்டு பார்க்கிற ஆக்களுக்காக வைச்சதாம். உள்ளுக்க நிண்டு பார்க்க இடமில்லையாம்."

ராணியின் விசாரணை

நோபல் பார்க்கில் எங்கள் வாடகை வீட்டுக் குசினியில் வைத்து மனைவி ராணியிடம் முழுவதையும் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு வந்து முன்னால் இருந்தாள். எனக்கு ஆறுதல் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். உங்களுக்கும் கல்யாணமாகியிருந்தால் நான் எவ்வளவு மடையன் என்று விளங்கும். ஏசி முடித்த பிறகு என்னை முற்றத்தில் நிறுத்தி, தேசிக்காயை வெட்டி என் தலையைச் சுற்றி எறிந்தாள். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உச்சி நேரத்தில முகம் தெரியாத ஆள் கூப்பிட்டா உடன போறதே? மூண்டுதரம் கூப்பிடும் வரைக்கும் அசையக்கூடாதெண்டு உங்கட வீட்டில சொல்லித் தரேல்லையே?"

மாரெக்குக்குச் சொன்னது

எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். தரையில்லாத யன்னலைப் பற்றிச் சொன்னபோது அவர் அசையவில்லை. கையைப் பற்றிச் சொன்னதும், "எப்படி? ஆட்டிக் காட்டும்" என்றார். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து ஆட்டிக் காட்டினேன். "இதற்கு உம்முடைய ஊரில் என்ன பொருள்?" என்றார். வா என்று பொருள் என்றேன். முகம் சாம்பலாகிப்போனது.

அது எங்கள் வழக்கம் மட்டும்தான், உங்கள் அம்மா போலந்துக்காரி, அவவுக்குத் தமிழன் கைப்பழக்கம் எங்கே தெரியும் என்று எவ்வளவோ சொன்னேன். அதே கையைத்தான் ஸோஃபியா அன்ரியும் பில்லும் பை-பை சொல்லும் கையென்று கண்டார்கள் என்றும் சொன்னேன். ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. வெளியே ரயில் ஒன்று வந்து நின்று போனது. அவர் என் மேசைக்கு முன்னால், வாடிக்கையாளர்களுக்கான கதிரையில், வந்து இருந்தார்.

"இவ்வளவு காலமா ஒரு மனிசி நிக்க இடமில்லாத இடத்தில நிண்டு கூப்பிடுறா. எனக்கு ஒரு டிக்கெட் எழுதும்."

திரும்பி வந்தவர்

உண்மையைச் சொன்னால், அவர் திரும்பி வருவார் என்று நான் நம்பவில்லை. ராணி சாமி விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை, வழக்கம்போலக் கோட்டைக் கழற்றிக் கொளுவிவிட்டு, கதிரையில் வந்து இருந்தார். மெலிந்திருந்தார். ஆனால் நான் அவரை அறிந்த நாள் தொட்டு அந்த முகத்தில் காணாத ஒரு தெளிவு இருந்தது. நித்திரை கொண்ட மனிதரின் முகம். "யன்னலில் நின்றாவா?" என்று கேட்டேன். இல்லை என்றார். மத்தியானம் முழுக்கச் சதுக்கத்தில் நின்றாராம், யன்னல் பூட்டியபடியே கிடந்ததாம். கடைசியில் மேலே ஏறிப்போய் அந்த யன்னலில் நின்று பார்த்தாராம்.

"அங்கே தரை இல்லையே" என்றேன். "இருந்தது, எங்கள் வீட்டுப் பலகைத் தரை, காலுக்குக் கீழே சூடாக இருந்தது" என்றார். முதுகுக்குப் பின்னால் நெருப்பு வெடிக்கிற சத்தம் கேட்டதாம். கீழே சதுக்கத்துக்குக் குறுக்கே இரண்டு பொடியன்கள் ஓடினார்களாம். ஒருவன் திரும்பி மேலே பார்த்தான். மற்றவன் திரும்பவில்லை. அந்த மற்றவனின் பிடரியைப் பார்த்ததும் அது தான்தான் என்று தெரிந்துவிட்டது என்றார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவனை நீங்கள் கூப்பிட்டீர்களா என்று கேட்டேன். மாரெக் மேசைக்கு மேலே கையைத் தூக்கினார். உள்ளங்கை கீழே பார்த்தது. விரல்கள் நாலும் அசைந்தன.

"அந்த நெருப்புக்க நிண்டுகொண்டு தன்ர பிள்ளையை ஆர் கூப்பிடுவினம், சிவம்? ஓடு, ஓடு, திரும்பிப் பார்க்காத எண்டுதான் நான் கை ஆட்டினனான்."

அதற்குப் பிறகும் நான் எத்தனையோ பேருக்கு வார்சோவுக்கு டிக்கெட் எழுதிக் கொடுத்தேன், ஆனால் போகிற இடத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று மட்டும் ஒருவருக்கும் அடித்துச் சொன்னதில்லை.