ஆரணியின் அல்பத்துக்கு ஷோர்டிச் போனது

கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை. பகல் இரண்டரை மணிக்கு ஹரோ றெயில் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது, தமிழ்க்கடைத் தம்பி என்னைக் கண்டுவிட்டார்.

"எங்கை அக்கா, இந்த மழைக்குள்ள?"

"பெறாமகளின்ரை பாட்டு வெளியீடு. டான்ஸ்ஹோல்."

"அரங்கேற்றமோ? எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

சும்மா தலையாட்டினேன். விளங்கப்படுத்த எனக்கு வாய் வராது. டான்ஸ்ஹோல் என்பது ஜமேக்காக்காரரின் ரெகே பாட்டில் ஒரு வேகமான வகை. என் தங்கை மகள் ஆரணி பிரிக்ஸ்டனில் ஒரு நிலக்கீழ் அறையில் பல வருடம் அதைப் பாடியவள். இப்போது பெரிய பாட்டுக் கம்பனி ஒன்று கூப்பிட்டு, அவளுடைய பாட்டுகளைச் சேர்த்து முதல் அல்பத்தைச் செய்திருக்கிறது. அதைப் போட்டுக் காட்டும் நாள். தங்கை உயிரோடு இல்லை. அவளுக்குப் பதிலாக நான்.

மெட்ரோபொலிற்றன் றெயிலில் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையம் வரை மாறாமல் போகலாம். வயதானவர்கள் அட்டையைக் காட்டினால் காசு கட்டத் தேவையில்லை. மூன்றேகாலுக்கு நிலைய வாசலில் ஆரணி குடையோடு நின்றாள். அங்கிருந்து மண்டபம் இருக்கும் ஷோர்டிச் கால்மணி நேர நடை.

"சனத்துக்குப் பிடிச்சா சுவரிலை அடிப்பினம், பெரியம்மா. அப்ப பாட்டை நிப்பாட்டி, திருப்பி முதலிலையிருந்து போடவேணும்."

"ஒருதரும் அடிக்காட்டி?"

"கம்பனிக்காரர் பாத்துக்கொண்டு நிப்பினம். அடுத்த அல்பம் இல்லையெண்டு நினையுங்கோ."

எங்கள் ஹரோவில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் தட்டினால், டிவியைக் குறை என்று அர்த்தம்.

மண்டபம் முழுக்கக் கறுப்பு. எனக்குச் சுவரோரம் ஒரு கதிரை கிடைத்தது. ஆரணி முன்னால் நின்று சனத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். எல்லாருக்கும் ஒரு கையில் கிளாஸ், மற்றக் கையில் போன். பாட்டுப் போகப் போகச் சனம் தலையை ஆட்டியது. ஆட்டிக்கொண்டே கதைத்தது.

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஐந்தாவது பாட்டில் மேளம் நின்று அவளுடைய குரல் மட்டும் வந்தது. தாயின் செத்தவீட்டில் அழாத பிள்ளை. அந்த இடத்தில் குரல் உடைந்தது.

எழும்பினேன். எல்லாரும் பார்ப்பார்களே என்று கூச்சம். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் சுவரில் அடித்தேன். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் எங்கும் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருந்தார்கள். கை உள்ளே போய் வந்தது. இன்னும் பலமாக அடித்தேன். எனக்குத் தலைச்சுற்றாக்கும் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் என்னைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் தந்தாள். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியது.

ஐந்தரைக்குக் கம்பனிக்காரர் ஆரணியைக் கட்டிப்பிடித்துவிட்டுக் கோட்டுகளை எடுத்தார்கள். அவள் என்னோடு நிலையம் வரை வந்தாள்.

"என்னவாம்?"

"லவ்லி எண்டவை. அப்பிடிச் சொன்னா முடிஞ்சுது."

"பழையபடி பிரிக்ஸ்டனிலை பாடு, பிள்ளை."

"அந்த இடத்தை இடிச்சு அடுக்குமாடி பிளட் கட்டுறாங்கள்."

நிலைய வாசலில் அவள் குடையை மடக்கினாள்.

"நீங்கள் அடிச்சதைக் கண்டனான், பெரியம்மா."

"சத்தம் கேட்டதோ?"

"இல்லை."

அட்டையைக் காட்டி உள்ளே போய்ப் படியிறங்குமுன் திரும்பிப் பார்த்தேன். கதவுக்கு அந்தப் பக்கம், ஈரக் குடையைக் கையில் பிடித்தபடி நின்றாள். எந்தப் பக்கம் போவதென்று அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை.