மூக்குக்குப் பதிலாக ஓர் ஊதா ஃபிலிம்

என் கையெழுத்து கோட்டுக்கு மேலும் கீழும் போகும். எங்கே ர, எங்கே ற என்பதும் இன்னும் பிடிபடவில்லை. ஐந்தாவதோடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் ஃபினிஷிங் பகுதியில் ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தேன். சாயமும் பளபளப்புக்கு லேக்கரும் அதைக் கரைக்கும் தின்னரும் கலந்து அடிக்கும்போது, ஜன்னல் வெயிலில் சிவப்புப் பனி மிதக்கும். அதற்குள் நின்றால் ஏதோ குளத்தின் அடியில் நிற்பது போல இருக்கும். சில வருடங்களில் என் மூக்கு செத்துவிட்டது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுதான்.

கல்யாணமாகி மனைவிக்கு மசக்கை வந்தபோது வம்பு வந்தது.

"மாமா, வூடே தின்னர் நாத்தம் நாறுது. வயித்தப் பொரட்டுது."

சீயக்காய் தேய்த்துக் குளித்தேன். வேலைச் சட்டையைத் தொழிற்சாலையிலேயே விட்டு வந்தேன். "இன்னும் நாறுது" என்றாள். கடைசியில் துணிப்பையோடு ஆலங்காயத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"நாத்தம் போனப்புறம் வந்து கூட்டிப் போ. போச்சான்னு உனக்கு எப்டித் தெரியும்? அத யோசி" என்றாள், பஸ் ஜன்னலிலிருந்து.

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் மெட்ராஸிலிருந்து ஆராய்ச்சிக்காக ஒரு பெண் வந்தார். கண்ணாடித்தாள் போன்ற ஊதா ஃபிலிம் துண்டுகளை ஸ்ப்ரே அறையில் நூலில் தொங்கவிட்டார். நாங்கள் அடிக்க ஆரம்பித்ததும் ஊதா நீலமானது. நீலம் மெல்லப் பச்சையானது. ஜன்னல் காற்றில் பிடித்தார், மறுபடி ஊதா. சாயங்காலம் விடியற்காலையாகத் திரும்புவது போல இருந்தது. வாய் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இந்த ஃபிலிம்ல ஏத்தின சாயத்துக்குள்ள செம்பு இருக்கு. தின்னர் ஆவி ஃபிலிமுக்குள்ள போய் அந்தச் செம்பப் பிடிச்சுக்கும், நிறம் மாறும். நல்ல காத்துல ஆவி விட்டுட்டுப் போயிடும்" என்றார்.

பெண்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. அவர் பெட்டியை மூடும் வரை சுற்றிச் சுற்றி வந்தேன்.

"மேடம், எனக்கு ஒரு துண்டு..."

"எதுக்கு?"

தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்திலிருந்த கூட்டாளி விடவில்லை. "பொண்டாட்டி கோச்சிக்கினு போய்ட்டா மேடம். தோஸ்துக்கு மூக்கு ரிப்பேர். குடுங்க, புண்ணியமாப் போவும்."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சட்டைகளுக்கு நடுவில் வைத்தேன், ஊதா. டிரங்குப் பெட்டிக்குள் வைத்தேன், ஊதா. அலுத்துப்போய், பாயில் ஃபிலிமைத் தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். ஓட்டு இடுக்கிலிருந்து விழுந்த வெயிலில் அது ஒரு சின்னப் பூ மாதிரி கிடந்தது. தூங்கிப்போனேன். விழித்தபோது பூ பச்சையாகியிருந்தது.

பாயைத் தூக்கினேன். கலர் சரியா என்று ஸ்ப்ரே அடித்துப் பார்த்த தோல் துண்டுகளை வீட்டுக்கு வாரி வந்து, தரை ஈரம் ஏறாமல் பாய்க்கு அடியில் அடுக்குவது எங்கள் ஃபினிஷிங் ஆட்களின் பழக்கம். மெத்தை போல இருக்கும். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு உடம்பு நோகக் கூடாதென்று, ஸ்ப்ரே ஈரம் காயாத துண்டுகளையும் சேர்த்து நான் ஜாஸ்தியாக அடுக்கியிருந்தேன்.

அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டேன். தரையைக் கழுவி, கதவைத் திறந்து வைத்தேன். ஃபிலிம் தலைமாட்டில் ஊதாவாகவே நிற்கும் வரை காத்திருந்து, ஆலங்காயம் போய் அவளைக் கூட்டி வந்தேன்.

அவள் வாசற்படியைத் தாண்டவில்லை. பையைக் கீழே வைக்கவும் இல்லை. காபி கொடுக்கலாமென்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஃபிலிமை அவளிடம் கொண்டுவந்து காட்டினேன்.

"பாரு, ஊதா. இப்ப இன்னா வாசனை வருது?"

மூக்கை நீட்டி நிதானமாக இழுத்தாள்.

"பால் தீயுது மாமா!"

பையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

எழுதி முடித்தது: 1989, தை மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம்.