ரெண்டு பப்படமும் என் பிரஷரும்

இப்போ கழக்கூட்டம்ங்கிற ஊர்ல ஹாஸ்டல்ல இருந்து போன்ல டைப் அடிக்கேன் இத. மெஸ்ல பப்படம் வெச்சாங்க, ஞாபகம் வந்துட்டு.

ஏழாம் கிளாஸ்ல ஸ்கூல் மெடிக்கல் செக்கப்ல எனக்கு பிரஷர் கூடுதல்னாங்க. கிளாஸே சிரிச்சுது. அது ரிட்டயர் ஆன மாமாக்களுக்கு வர்ற ஐட்டம் அல்லே? அன்னைக்கே பேர் விழுந்துட்டு: அம்மூம்மா. மலையாளத்துல பாட்டி.

ஆஸ்பத்திரில பிள்ளைங்க கைக்குன்னே சின்னப் பட்டை ஒண்ணு, அதக் கட்டி வேற வேற நாள்ல பாத்தாங்க. கிட்னி ஸ்கேன், ரத்தம், எல்லாம் எடுத்தாங்க. ஒரு குறையும் கிட்டல. உப்பக் கொறைக்கணும், டெய்லி மாத்திரை, பிரஷர் இறங்குற வரை ரேஸ் ஓடக்கூடாது. மத்த விளையாட்டெல்லாம் ஓகே. ஆனா ரிலேல கடைசி ஓட்டம் என்னோடதாக்கும்.

அம்மா எனக்குன்னு குட்டிச் சட்டி வாங்கினா. உப்பில்லாத சாம்பார், உப்பில்லாத காய்த் தோரன். பழவங்காடில உள்ள கடையப் பூட்டிட்டு அப்பா வர்றதுக்கு முன்னாடியே நான் தனியா தின்னு எந்திரிச்சிருவேன், அவங்க மீன்குழம்பப் பாத்து நான் ஏங்கக் கூடாதுன்னு. ஸ்கூல்ல என் டிபன்ல ஒருத்தியும் கை வெக்க மாட்டா. பி.டி. பீரியட்ல ரிலே டீம் ஓடிப் பழகும்போ நான் மரத்தடில குந்தி அவங்க வாட்டர் பாட்டிலுக்குக் காவல்.

அடுத்த செக்கப்ல பிரஷர் அசையவே இல்ல.

"உப்பு போடுறீங்களா?"ன்னார் டாக்டர்.

"ஒரு கல்லு கூட போடல டாக்டர்."

"பின்னே மோள் சோறு எப்படித் திங்கும்?"

"எறங்காதுல்லா, பாவம். ரெண்டு பப்படம் சுட்டுக் குடுப்பேன். கொஞ்சம் மாங்கா ஊறுகாய்", அம்மா சொன்னா.

டாக்டர் பேனாவ மூடினார். "முன்வாசல அடைச்சுட்டு பின்வாசல் வழியா உப்ப உள்ள விட்டாச்சு, அல்லே?"

பப்படம் டப்பா அன்னைக்கே அடுத்த வீட்டுக்குப் போச்சு. சாப்பாட்டுல எனக்கிருந்த ஒரே கம்பெனி அந்த நொறுங்குற சத்தம்தான். அதும் போச்சு.

அப்புறம் பிரஷர் மெதுவா இறங்குச்சு. "இனி ஓடிக்கோ மோளே, மாத்திரைய மட்டும் விடாதே"ன்னு டாக்டர் சொல்லும்போ ஸ்போர்ட்ஸ் டே முடிஞ்சிருந்துது.

இருந்தாலும் ஷூ மாட்டி கிரவுண்டுக்குப் போனேன். என் இடத்துல வேற ஒருத்தி. "டீ அம்மூம்மா, பாட்டில் பாத்துக்கோ"ன்னா, என் காலப் பாக்காமலே.

பாட்டில மரத்தடில சாச்சு வெச்சேன். அவங்க அந்தப் பக்கம் போனதும் நானும் ஒரு ரவுண்ட் ஓடினேன். யாரும் பாக்கல. மூச்சு வாங்கிட்டே திரும்பி வந்து பாட்டில் பக்கத்துல உக்காந்தேன்.