கோப்பை கொண்டு வந்தவர்

வெள்ளவத்தையில் எங்கள் கடைக்காரர் சங்கக் கூட்டத்தை முதன்முறையாக நான் ஒழுங்கு செய்தேன். குப்பையும் செலவும் குறையட்டும் என்று தண்ணீர்ப் போத்தல், கடதாசிக் கப், கடதாசித் தட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, "ஆளுக்கொரு கோப்பை கொண்டு வாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினேன். கொழும்பில் பிறந்த எனக்குக் கோப்பை என்றால் தேநீர் குடிப்பது.

அநேகமாக எல்லோரும் முகத்தைச் சுளித்தபடிதான் கப்பை வெளியே எடுத்தார்கள். கடையிலிருந்து வடை வந்த பிறகுதான், அதை வைத்துக் கொடுக்க ஒன்றுமே இல்லை என்பது எனக்கு உறைத்தது.

அந்த நேரம் பார்த்து, யாழ்ப்பாணத்து ஹாட்வெயார் கடைக்காரர் தன் பையிலிருந்து பெரிய சோற்றுத் தட்டு ஒன்றை எடுத்தார். கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். எந்தச் செய்திக்கும் "ஓம்", அதாவது ஆம், என்று மட்டுமே பதில் போடுவார்.

"அண்ணை, நான் கப்பைத்தானே சொன்னனான்?"

"கோப்பை எண்டெல்லோ போட்டனீங்கள்? எங்கட ஊரில இதுதான் கோப்பை."

மண்டபமே சிரித்தது. அவர் வடைகளைத் தட்டில் குவித்து ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய் நீட்டினார். எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

அடுத்த கூட்டத்துக்கும் வேண்டுமென்றே கோப்பை என்றுதான் எழுதியிருக்கிறேன். "ஓம்" என்று பதில் வந்தது. எதைக் கொண்டு வருவார் என்று நான் கேட்கவில்லை. வடைக்குச் சொல்லிவிட்டேன்.