யோகலிங்கம் கட்டிய துறைமுகம்

கொழும்பிலிருந்த அந்தக் கம்பியூட்டர் கேம் கொம்பனி யோகலிங்கத்தை மூன்றாவது தடவையாக நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, அக்கா குணமணி தானும் கூடப் போவதென்று முடிவெடுத்தாள். முதல் தடவை அவன் போய்ச் சேர்ந்த அன்று கேள்வி கேட்க வேண்டியவர் லீவு. இரண்டாம் தடவை இருபது நிமிடக் கதையோடு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் சோதனைச் சாவடியொன்றில் அவனை மட்டும் பஸ்ஸால் இறக்கி, பொழுது சாயும்வரை வெயிலில் குந்தவைத்திருந்தார்கள். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு அது. இருபத்துமூன்று வயதுத் தமிழ்ப் பெடியன், அடையாள அட்டையில் திருகோணமலை விலாசம். வேறு குற்றம் வேண்டியதில்லை.

தம்பியின் கெட்டித்தனத்தில் குணமணிக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. ஜமால்தீன் காக்காவின் திருத்தக் கடையில் கழித்துப்போட்ட உதிரிகளைப் பொருத்தித் தனக்கென்று ஒரு கம்பியூட்டர் செய்தவன் அவன். திருகோணமலையில் கப்பல்துறை என்ற ஊரிலிருந்த வீட்டில் கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து, சொல்லித்தர ஆளில்லாமலே அதில் கேம்களுக்கான படம் கட்டப் பழகினான்.

இந்த முறை, விளையாடுகிறவன் ஓடித் திரியக்கூடிய ஒரு துறைமுகத்தைக் கம்பியூட்டரில் செய்து வரும்படி கொம்பனி பரீட்சை வைத்திருந்தது. இரண்டு கிழமை இருந்து கட்டினான். குணமணி வந்து பார்த்தாள். ஜெட்டி, வளைந்து போகும் கரை, கடற்படைக் காவல் கோபுரங்கள் எல்லாம் ஊரில் உள்ளபடியே அச்சொட்டாக இருந்தன. அவள் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"டேய், இதோட பிடிபட்டால் உன்ர எலும்பும் வீட்ட வராது. அழி."

"ரெண்டு கிழமை வேலையக்கா."

"அழியெண்டால் அழி!"

அழித்தான். உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு துறைமுகத்தை முதலிலிருந்து கட்டி, சீடீயில் ஏற்றினான். குணமணி கிராம சேவகர் கடிதம், பொலிஸ் பதிவு, கொம்பனிக் கடிதம் மூன்றையும் கேட்கப்படும் வரிசையிலேயே கோப்பில் அடுக்கினாள். ஆறு சோதனைச் சாவடியில் இறங்கி ஏறிக் கொழும்பு போனார்கள்.

கொம்பனியில் அவளை வரவேற்பறைக் கதிரையில் இருத்திவிட்டு அவனை உள்ளே கூட்டிப் போனார்கள். அரை மணித்தியாலத்தில் மனேஜர் அவனோடு வெளியே வந்தார். கொழும்புத் தமிழர்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா நிஜம் மாதிரி இல்லையே. நீங்க ட்ரிங்கோ ஆள்தானே? ஹாபரை நாலு பக்கத்தாலும் போட்டோ எடுத்து, அதப் பாத்துத் திருப்பிச் செஞ்சுகிட்டு வாங்க. நாலாவது இன்டர்வியூவில முடிவு சொல்றோம்."

குணமணி எழும்பினாள். "எதைப் படமெடுக்கிறது, சேர்?"

"காவல் கோபுரம், கப்பல்... ஒளிச்சு எடுத்தாப் போச்சு." மனேஜர் சிரித்தார். "சண்டை கேம் செய்ய வர்றவர் இதுக்குப் பயந்தா எப்படி?"

அவளுக்கு உச்சி கொதித்தது. மனேஜரைப் பார்த்துச் சொன்னாள்:

"தம்பி, நீங்கள் திருகோணமலைக்கு வாங்கோ. நானே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போறன். கமராவைக் கழுத்தில போட்டுக்கொண்டு கரையில நில்லுங்கோ. நான் தள்ளி நிண்டு பாக்கிறன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஏலாது, சேர்," என்றான் யோகலிங்கம். "என்ர சீடீயைத் தாங்கோ."

"பரீட்சைக்குக் குடுத்தது கொம்பனிக்குச் சொந்தம்."

குணமணி பழையபடி கதிரையில் இருந்தாள். "அது கைக்கு வந்தால்தான் எழும்புவன். உங்கட பொலிசைக் கூப்பிட்டாலும் சரி. பதிவு, கடிதம் எல்லாம் ஒழுங்காக் கொண்டுதான் வந்தனாங்கள்."

மனேஜர் உள்ளே போனார். கன நேரம் கழித்து ஒரு பெண்பிள்ளை சீடீயையும் ஒரு படிவத்தையும் கொண்டுவந்து வைத்தாள். விண்ணப்பத்தை மீளப் பெறுவதற்கான காரணம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். யோகலிங்கம் 'சொந்தக் காரணம்' என்று எழுதத் தொடங்கினான்.

"அதை வெட்டடா. ஆரின்ர சொந்தக் காரணம்? நடந்ததை எழுது. திகதியும் போடு."

அவன் வெட்டினான். முதல் தடவை வந்த நாளிலிருந்து தொடங்கி எழுதினான். கோடு போட்ட இடம் போதாமல் போகவே, தாளைத் திருப்பினான்.