பலராமன் வண்டியில் ஒரு சத்தம்

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பாதியில் நிற்கும் எதையும் என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. புதுச்சேரி மில் ஒன்றில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் டீ குடிக்கப் போன நேரத்தில், அவர் குறுக்கெழுத்துப் போட்டியில் விட்டிருந்த கட்டங்களை நிரப்பிவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அந்தப் பக்கத்து மேஜைக்காரர்தான் பலராமன். அவருக்கு நான் செய்த பேருபகாரம் ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பலராமன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மூன்று தங்கைகளுக்கும் கல்யாணம் செய்துவைத்து நிமிர்ந்தபோது அவருக்கு நாற்பது ஆகியிருந்தது. அவருக்குப் பெண் பார்க்க வீட்டில் யாரும் மிச்சமில்லை. முல்லா வீதிக் கோடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார். ஆபீஸில் 'ஆமாம்', 'இல்லை' தவிர மூன்றாவது வார்த்தை அவரிடமிருந்து வாங்குவது பெரும்பாடு. 1977இல் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கிளம்பிய, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா பென்ஷன்காரர் ஒருவர் தம் பழைய புல்லட்டை விற்றார். பலராமன் அதை வாங்கினார். மனுஷனுக்கு அன்றைக்குத்தான் பேச்சு வந்தது.

"இதுல காஷ்மீர் போவப் போறேன் இராமதாசு" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

அவ்வளவு தூரத்துக்கு வண்டி இருந்தபடியே போதாதாம். எஞ்சினுக்குத் தெம்பு ஏற்ற வேண்டுமாம். அவர் தெருவிலேயே, வீட்டின் முன்பக்கத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார் ஜலால் பாய். வெள்ளிக்கிழமை கடை அடைப்பு, ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஊரே குடும்பம் குடும்பமாக வீட்டுக்குள் இருக்கும் ஞாயிறு காலையில், எஞ்சின் கணக்குகள் போட்ட கிராஃப் தாள் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு பலராமன் அங்கே போய்விடுவார். பத்து மணிக்கு ஜலாலின் மனைவி ஹாஜிரா உள்ளிருந்து டீ அனுப்புவார். மதியம் அவருக்கும் ஒரு தட்டு வரும். விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் கிளம்புவார்.

பேச்சு எப்படிப் போகும் என்பதை நான் கேட்டிருக்கிறேன்.

"ஒசரமான பிஸ்டன் போட்டா கம்ப்ரஷன் ஏறும் பாய். மலையில நல்லா இழுக்கும்."

"இழுக்கும்ண்ணே. ஆனா அதுக்கு நல்ல பெட்ரோல் வேணும். சாதா பெட்ரோல் ஊத்துனா எஞ்சின் தட்டும்."

"அப்ப வழியில எந்தெந்த ஊர்ல நல்ல பெட்ரோல் கெடைக்குதுன்னு விசாரிக்கணும்."

அந்த விசாரணைக்கு நாலு மாதம். பிறகு கார்பரேட்டர். பெரியதாகப் போட்டால், எஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டில் காற்றுப் போகும் துவாரத்தையும் அராவிப் பெரிதாக்க வேண்டும். அதுவும் சரி என்று முடிவானால், மலையில் காற்று குறைவு, பெட்ரோலையும் குறைக்க வேண்டுமே என்பார் பலராமன். செயின் மாட்டும் முன் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டினால் சமவெளியில் வண்டி அலுங்காமல் ஓடும், ஆனால் ஏற்றத்தில் திணறும். திணறாமல் இருக்க என்ன வழி? உயரமான பிஸ்டன். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பார்கள். ஆறு வருஷம் இப்படி. சாமான்களெல்லாம் ஒவ்வொன்றாக வந்து ஜலால் கடையில் ஒரு மரப்பெட்டியில் சேர்ந்துவிட்டன. ஒன்றுகூட எஞ்சினுக்குள் போகவில்லை.

அந்தக் கடையில் பலராமன் வாய்விட்டுச் சிரிப்பார். ஆபீஸில் நான் ஒருநாளும் கேட்காத சிரிப்பு. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வேலை முடியவில்லையே என்பதுதான் என் கவலை.

1983 மே மாதம் சிதம்பரத்தில் தங்கை மகள் கல்யாணம். பத்து நாள் லீவு போட்டுவிட்டு, புல்லட்டை ஜலால் கடையில் விட்டுவிட்டுப் போனார் பலராமன். மறுநாளே நான் ஜலாலிடம் போனேன்.

"பாய், எல்லாச் சாமானும் ரெடியா இருக்கு. அவருக்கு நாப்பத்தாறு ஆவுது. இன்னும் எப்ப காஷ்மீர் போவாரு? வர்றதுக்குள்ள முடிச்சி வச்சிடுங்க. மனுஷன் அசந்துபோயிடணும்."

"அவரு கேக்கலியே" என்றார் ஜலால். ஆனால் கண் பெட்டிப் பக்கம் போய்விட்டது. ஆறு வருஷமாகப் பேசிப் பேசி அவர் கையும் ஊறிக்கிடந்தது.

"அண்ணன் வரட்டுமேங்க. அவங்க இருக்கறப்பவே செய்யலாமே" என்று உள்ளிருந்து ஹாஜிராவின் குரல் வந்தது. நாங்கள் இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மற்ற வேலைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒன்பது நாள் அதிலேயே உட்கார்ந்தார் ஜலால். துவாரத்தை அவர் கையாலேயே அராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு வழவழப்பாக்கியிருந்தார். "என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு வேல செஞ்சதில்ல தம்பி" என்று என்னிடம் சொன்னார்.

பலராமன் வந்தார். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. காலாப்பட்டு வரை போய்த் திரும்பினார். இறங்கி, வண்டியைப் பார்த்தபடி நின்றார்.

"எப்பிடிண்ணே?" என்றார் ஜலால்.

"ரொம்ப நல்லா இருக்கு பாய்." முகத்தில் சிரிப்பு இல்லை. கல்யாண வீட்டு அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு பலராமன் கடைக்கு வந்து, நாற்பது மைல் வேகத்தில் எஞ்சினில் ஒரு சத்தம் வருகிறது என்றார். ஜலால் பதறிப்போய் பின்னால் உட்கார்ந்து போய்ப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "எப்பவாவதுதான் வருது பாய்." எஞ்சினைப் பிரித்தார்கள். டீ வந்தது, தட்டு வந்தது. குறை எதுவும் அகப்படாமல் திருப்பி மாட்டினார்கள். அதற்கடுத்த ஞாயிறும் சத்தம். அதற்கடுத்த ஞாயிறும்.

இதற்கிடையில் மில்லில் எல்லோரும் அவரிடம் காஷ்மீர் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். "வண்டியில ஒரு சத்தம் இருக்கு" என்பதுதான் எல்லோருக்கும் பதில். ஜலால் வேலை சரியில்லை என்று பேச்சு பரவியது. மில்லில் வண்டி வைத்திருந்த ஏழெட்டுப் பேரில் நாலு பேர் ஜலால் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

நாலாவது ஞாயிறு நானும் கடையில் இருந்தேன். ஜலால் எஞ்சினைத் தொடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சாவியை நீட்டினார்.

"என் கைக்கு இது அகப்படல சார். தட்டாஞ்சாவடியில பெரிய பட்டறைங்க இருக்கு. அங்க காட்டுங்க."

ஆறு வருஷமாக 'அண்ணே' என்றவர். பலராமன் சாவியை வாங்கிக்கொண்டார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு காலை, என் மொபெட்டில் பிரேக் சரியில்லை என்று ஜலால் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் பலராமன் புல்லட்டைத் தள்ளிக்கொண்டு, கடைக்கு எதிர்த்திசையில் போனார். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"பெட்ரோல் தீந்துபோச்சாண்ணே?"

"இல்ல. இங்க ஸ்டார்ட் பண்ணா பாய்க்குக் கேக்கும்."

"கேட்டா என்னா? அந்தச் சத்தம் என்னான்னு அவரும்தான் கேக்கட்டுமே."

வண்டியை நிறுத்தினார். "சத்தமே இல்ல இராமதாசு. ஒருநாளும் இல்ல."

நான் மொபெட்டை விட்டு இறங்கினேன்.

"வண்டி சரியாயிடுச்சின்னா ஞாயித்துக்கெழம நான் எங்க போறது? என்னா சாக்கு சொல்லிக்கிட்டு அந்த வீட்டு வாசல்ல போயி ஒக்கார்றது?"

"காஷ்மீர்..." என்றேன்.

"காஷ்மீர்ல எனக்கு யாரு இருக்கா?"

வாருங்கள், இப்போதே போய்ச் சொல்லிவிடலாம் என்று அவர் கையைப் பிடித்தேன். விடுவித்துக்கொண்டார். "மூணு தடவ அந்த மனுஷன எஞ்சினக் கழட்ட வச்சேன். அவரு பொழப்பக் கெடுத்தேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது? நீயும் சொல்லாத. நீ ஒருக்கா முடிச்சி வச்சதே போதும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்.

நான் கடையில் போய் உட்கார்ந்தேன். ஜலால் பிரேக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தார். ஹாஜிரா எனக்கு டீ வைத்தார். அடுத்த தெருவிலிருந்து புல்லட் உதைபட்டுக் கிளம்பும் சத்தம் வந்தது. ஜலாலின் கை நின்றது. அது தேய்ந்து மறையும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கட்டுன எஞ்சின். எத்தன தெரு தள்ளிப் போனாலும் எனக்குத் தெரியும். சுத்தமாத்தான ஓடுது" என்றார். "வாராவாரம் தள்ளிக்கிட்டுத்தான் போறாரு. நம்ம தெருவுல ஸ்டார்ட் பண்ணக்கூட மனசு வரல. எம்மேல அவ்ளோ கோவம். நான் அப்பிடி என்னா குத்தம் செஞ்சேன் தம்பி? நீங்களே சொல்லுங்க."

'உங்க கடைய விட்டா அவருக்கு வேற போக்கிடம் இல்ல பாய்.' இந்த ஒரு வரி சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. சொல்ல வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். சொன்னால், அவசரப்பட்டு வேலையை முடிக்கவைத்து அந்தப் போக்கிடத்தைப் பறித்தவன் நான் என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஹாஜிரா கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீயைக் குடித்துவிட்டு, மொபெட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.